அபூதாஹிர் சுக்கானியின் இடப்பக்கம்

மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் சனம் ஏற்றும் மோட்டார்ப் படகான லாஞ்சியை ஓட்டிய அபூதாஹிர் காக்காவை எங்கள் ஊரில் வெறும் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. எங்களுக்கு அண்ணன் முறையில் காக்கா. சுக்கானி என்பது அவர் பெயரோடு ஒட்டிப்போயிருந்தது. இருபத்திரண்டு வருடம் சுக்கான் பிடித்தவர். கொட்டியாரக் குடாவில் எந்த இடத்தில் நீர் இழுக்கும், வாடைக் காலத்தில் எந்த நேரத்தில் அலை குறுக்கே விழும் என்பதெல்லாம் அவருக்குச் சொந்த வளவு மாதிரி.

நான் பேராதனையில் படித்து, எங்கள் குடும்பத்தில் மட்டுமல்ல எங்கள் தெருவிலேயே முதல் பட்டதாரியாகத் திரும்பி வந்து, திருகோணமலைப் பட்டினத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைத்த நாளிலிருந்து தினமும் அவருடைய லாஞ்சியில்தான் போய் வந்தேன். நான் ஏறுவதைக் கண்டதும் சுக்கான் அறைக்குள்ளிருந்து அவருடைய குரல் வரும்.

"பட்டதாரி ஏறிட்டார். இனி லாஞ்சி கவுளாது!"

சனம் சிரிக்கும். எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், உள்ளுக்குள் பிடித்தும் இருக்கும்.

1973ஆம் ஆண்டு அவருடைய நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. உடைந்த பல் குத்திய காயம் என்று நினைத்தார். வெற்றிலையையும் புகையிலையையும் வலப்பக்கக் கொடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நாலு மாதம் நாட்டு மருந்து பூசினார். தாடைக்குக் கீழே புன்னைக்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே நாக்கின் ஓரத்தை வெட்டினார்கள். காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரை கழுத்தைத் திறந்து கட்டிகளையும், அவற்றோடு சேர்ந்த தசையையும் எடுத்தார்கள். அதன் பிறகு முப்பது நாள் 'கரண்ட்' பிடித்தார்கள். கதிர்ச் சிகிச்சைக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அது.

ஏழு மாதம் கழித்து வந்திறங்கினார். நோய் போய்விட்டது. வைத்தியர் கொடுத்த துண்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. கழுத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. லாஞ்சிச் சேவையின் கந்தோரில் அதைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் தற்காலிகமாகச் சுக்கான் பிடிக்கலாம் என்றார்கள். தவணை முடிகிற நாளில் ஒரு அதிகாரி கூடவே வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் பழைய வேலை நிரந்தரம். இல்லையென்றால் இனி எந்த லாஞ்சியிலும் சுக்கானைத் தொட முடியாது.

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆள் மெலிந்திருந்தார், இடது தோள் கொஞ்சம் சரிந்திருந்தது, கையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அவ்வளவுதான் நாங்கள் கண்டது.

பாடசாலை விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நான் பிந்திப் போனேன். அபூதாஹிர் காக்கா வழக்கம்போல வரிசையின் வலக் கடைசியில் தூணை ஒட்டி நின்றார். அவருக்கும் தூணுக்கும் இடையில் கிடந்த சின்ன இடத்தில் நான் புகுந்துகொண்டேன். அவர் ஒரு கணம் தயங்கினார், பிறகு ஒதுங்கி இடம் விட்டார்.

தொழுகையின் முடிவில் முதலில் வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும் முகத்தைத் திருப்பி ஸலாம் சொல்ல வேண்டும். வரிசையில் இருக்கும் எல்லோருடைய முகமும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பும். இடப்பக்கம் திரும்பியபோது எனக்குத் தெரிய வேண்டியது அவருடைய பிடரி. தெரிந்தது அவருடைய வலக் கன்னம். முகம் நேரே முன்னால் பார்த்தபடி இருந்தது. கண்மணி மட்டும் இடது ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. நெற்றியில் வேர்வை.

வலப்பக்கத்தில் ஆளில்லாவிட்டால் இதை யாரும் காணமாட்டார்கள். அவர் ஏன் எப்போதும் வலக் கடைசியில் நிற்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"கண்டுட்டீங்க."

"ஓம் காக்கா."

"வீட்ட வாங்க. ரோட்டில நிண்டு கதைக்க ஏலாது."

வீட்டில் அவருடைய மனைவி நஜ்முன் நிஸா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். காக்கா சேர்ட்டைக் கழற்றினார். முதலில் வலக் கை, பிறகு அந்தக் கையாலேயே இடக் கையிலிருந்து உரித்து எடுத்தார். நான் பார்த்தேன். காதுக்குக் கீழே சதை இல்லை. தோல் கறுத்து, இறுகி, காய்ந்த மாட்டுத்தோல் போல எலும்போடு ஒட்டியிருந்தது. தாடையின் அந்தப் பக்கத்தில் மயிர் முளைக்கவில்லை. சவரம் செய்தபோது பட்ட வெட்டு ஒன்று ஆறாமல் கிடந்தது.

"வெட்டினதே தெரியாது" என்றார் அதைத் தொட்டு. "மேலால மரம். உள்ளுக்குள்ள நெருப்பு. காதில பிடிச்சுத் தோள்மூட்டு வரைக்கும் ஆரோ கயிறு போட்டு முறுக்கிற மாதிரி."

"திரும்பவே ஏலாதா?"

"வலப்பக்கம் கொஞ்சம். இடப்பக்கம் ஒரு விரல்கடை."

"படுத்தா எழும்பவும் ஏலாது" என்றார் நஜ்முன் நிஸா கதவடியிலிருந்து. "தன்ர முடியைத் தானே பிடிச்சுத் தலையைத் தூக்கினாத்தான் எழும்பலாம். அதால கதிரையில குந்திக்கொண்டுதான் நித்திரை."

"நீ கொஞ்சம் வாயை மூடு."

"நான் மூடினா ஆர் கதைக்கிற? உங்கட வாய்தான் காய்ஞ்சு கிடக்கே. ஒரு சோத்துப் பருக்கைக்கு ஒரு மிடறு தண்ணி வேணும்."

காக்கா போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார்.

என் மனம் லாஞ்சியில் நின்றது. மூதூர் ஜெட்டிக்கு வரும்போது லாஞ்சி அரைவட்டம் அடித்து, பின்பக்கமாகத்தான் மெல்ல மெல்ல அணையும். கட்டைபறிச்சான் ஆற்றுப் பக்கமிருந்து மரக்கறியும் மீனும் ஏற்றிய வள்ளங்கள் லாஞ்சியின் இடப்பக்கத்தால்தான் வரும். முன்பெல்லாம் காக்கா இடக் கையால் சுக்கானைப் பிடித்து, உடம்பை முறுக்கி, தோளுக்கு மேலால் பின்னே பார்த்தபடி மணிக்கயிற்றை இழுப்பார். மணிச் சத்தத்துக்குத்தான் கீழே இயந்திரம் ஓடும், நிற்கும். இப்போது அந்தக் கைக்கும் பலமில்லை, அந்தக் கழுத்தும் திரும்பாது. உடம்போடு திரும்பினால் சுக்கானும் மணிக்கயிறும் கைக்கு எட்டாது.

"அப்ப பின்னால பாக்கிறது ஆர்?"

"ஜெமீல்."

ஜெமீல் டிக்கட் கொடுப்பவன், கயிறு எறிபவன். எனக்கு அப்போது நினைவு வந்தது. ஜெட்டி நெருங்கும்போது அவன் இடப்பக்கத்தில் நின்று சுக்கான் அறையின் பலகையில் விரல் மடக்கித் தட்டிக்கொண்டிருப்பான். பாட்டுக்குத் தாளம் போடுகிறான் என்றே நினைத்திருந்தேன்.

"ஒரு தட்டு எண்டா கடல் வெறுமை. ரெண்டு தட்டு எண்டா வள்ளம் வருது."

"தட்டுக் கேக்காட்டி?"

"நிப்பாட்டுவன்."

"காக்கா, எண்பது பேர் வாறாங்க. வள்ளத்தில வாறவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கு. கிழமைக்கு ரெண்டு தரம் என்ர உம்மா வாறா."

அவர் தலையைத் திருப்பாமல், கதிரையோடு சேர்த்துத் தன்னைத் திருப்பினார்.

"தம்பி, வல்லாஹி, அல்லாமேல சத்தியம். ஒரு தட்டுக் கேக்காம ஒரு முழம் பின்னுக்குப் போகமாட்டன். இன்னும் நாலு கிழமை. அந்த அதிகாரி வந்து பாத்துட்டுப் போகட்டும். சுக்கானை விட்டா நான் ஆர், சொல்லுங்க? வீட்டில குந்திக்கொண்டு கழுத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறதா? குனிஞ்சு அதைப் பாக்கக்கூட ஏலாதே."

சிரிக்கத்தான் சொன்னார். நஜ்முன் நிஸா சிரிக்கவில்லை. நான் யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்தேன். படித்தவன் கொடுத்த வாக்கு. அன்றைக்கு அது எனக்குப் பெரிய காரியம் செய்தது மாதிரி இருந்தது.

பாடசாலை தொடங்கிய பிறகு நான் லாஞ்சியில் வேறு மனிதனாகிவிட்டேன். புத்தகம் திறப்பேன், ஒரு வரி ஓடாது. ஜெட்டி தெரியத் தொடங்கினால் காது பலகைக்குப் போய்விடும். டொக். பிறகு டொக். பிறகு டொக் டொக், இயந்திரம் அடங்கும், ஒரு வள்ளம் கடந்து போகும். நாளடைவில் எனக்கும் மூச்சுக் கொஞ்சம் சீரானது.

அதிகாரியின் பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பின்னேரம், ஜெட்டியை அணைகிற நேரத்தில் ஜெமீலுக்கும் ஒரு கிழவிக்கும் கோழிக் கூடையால் சண்டை வந்தது.

"ஏழு கோழிக்கு ஒரு டிக்கட்டா உம்மா? அதுகளும் குந்திக்கொண்டுதானே வருதுகள்!"

"அதுகள் உன்ர மடியிலயா குந்தினது? போடா!"

சனம் சிரித்துக்கொண்டிருந்தது. நான் பலகையையே கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டு இல்லை. லாஞ்சி பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நான் எழும்பு முன்னரே பலகையோடு பலகை உரசுகிற சத்தம். மரக்கறி ஏற்றிவந்த சின்னராசாவின் வள்ளம் ஒரு பக்கம் சரிந்து, வெங்காயச் சாக்கு ஒன்று கடலுக்குள் போனது. சின்னராசா விளிம்பைப் பிடித்துத் தொங்கினான்.

"ஓய் சுக்கானி! உமக்குக் கண்ணென்ன கப்பலேறிப் போயிட்டுதோ?"

இயந்திரம் நின்றது. சின்னராசா ஏறி உட்கார்ந்துவிட்டான், ஈரம் மட்டும்தான். ஆனால் வள்ளத்தின் பக்கப் பலகையில் அவனுடைய கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி மரம் சிராய்த்து வெள்ளையாகத் தெரிந்தது.

சனம் இறங்கும் வரை காத்திருந்து சுக்கான் அறைக்குள் போனேன்.

"தட்டுக் கேட்டதா காக்கா?"

அவர் நேரே முன்னால் பார்த்தபடி நின்றார். இடக் கையை வலக் கை தாங்கியிருந்தது.

"இல்ல."

"நிப்பாட்டல்லையே."

"தினமும் தட்டுறான், அநேகமா வெறுமைதான். இண்டைக்கும் அப்படித்தான் எண்டு..." நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். "இனி இல்ல தம்பி."

"போன முறையும் வல்லாஹி எண்டுதான் சொன்னீங்க."

அன்றிரவு முழுக்க கந்தோருக்கு ஒரு கடிதம் என் தலைக்குள் எழுதி எழுதி அழிந்தது. காலையில் எழும்பி அதே லாஞ்சியில் ஏறினேன்.

பரிசோதனை நாளில் ஞானசேகரம் என்ற அதிகாரி வந்தார். ஒல்லி மனிதர், கையில் குடை, சேர்ட் பைக்குள் சிவப்பு மூடிப் பேனா. பட்டினத்தில் ஏறியதுமே கயிறு, விளக்கு, மிதவை, மணி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். பின்னேர ஓட்டம். நான் சுக்கான் அறைக்கு வெளியே இடப்பக்க வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஜெமீல் எனக்கு எதிரே விளிம்பில் நின்றான். அவன் ஒருவரோடும் பகிடி விடவில்லை.

"உதென்ன காணும், இந்த வெக்கைக்குள்ள சால்வை?" உள்ளே ஞானசேகரத்தின் குரல்.

"காத்துப் படப்படாது எண்டு சொன்னவங்க ஐயா."

"சுகமோ இப்ப?"

"அல்லாட காவல். சுகம்."

குடாவின் நடுவில் காற்று எழும்பியது. அலை குறுக்கே விழுந்தபோது காக்கா லாஞ்சியை அதன் மேல் சாய்த்து எடுத்த விதத்தைப் பார்த்து, "கெட்டிக்காரன்தான்" என்று ஞானசேகரம் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குக் கழுத்து தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு அலைக்கும் பலகைக்கு உள்ளே ஒரு மெல்லிய முனகல் எழுந்து அடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

ஜெட்டி தெரிந்தது. லாஞ்சி அரைவட்டம் அடிக்கத் தொடங்கியது. ஜெமீல் விரலை மடக்கினான்.

"எங்க அந்த டிக்கட் பெடியன்?" என்றார் ஞானசேகரம். "முன்னுக்கு வாரும். மிதவை எத்தனை எண்டு எனக்கு எண்ணிக் காட்டும்."

"ஐயா, கயிறு கட்டினாப் பிறகு..."

"இப்ப வாரும் எண்டன்."

ஜெமீல் என்னைப் பார்த்தான். பிறகு பலகையைப் பார்த்தான். பிறகு போனான்.

நான் எழும்பி அவன் நின்ற இடத்தில் நின்றேன். காற்று அடங்கி, இடப்பக்கம் கடல் கண்ணாடி போலக் கிடந்தது. வள்ளம் இல்லை, தோணி இல்லை, குளிக்கிற மனிதர் ஒருவரும் இல்லை. ஒரு நீர்க்காகம் முங்கி எழும்பியது. என் கை பலகையில் இருந்தது. ஒரு தட்டு. அவ்வளவு போதும். லாஞ்சி அணையும், ஞானசேகரம் கையெழுத்து வைப்பார், அபூதாஹிர் காக்கா சாகும்வரை சுக்கானி.

உள்ளே மணி அடித்தது. லாஞ்சி பின்னுக்கு ஊர்ந்தது.

நான் தட்டவில்லை.

பயத்தில் கை உறைந்துவிட்டது என்று பிறகு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். தட்டு இல்லாமல் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வெறும் கடலில் தெரிந்துகொள்ளலாம். வள்ளம் நிற்கிற நாளில் தெரிந்துகொள்ள முடியாது.

லாஞ்சி ஒரு முழம் போனது. இரண்டு முழம் போனது. பலகைக்கு அந்தப் பக்கத்தில் அவர் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்பது போல இருந்தது. மூன்றாவது முழத்தில் மணி அடித்தது. இயந்திரம் அடங்கியது. லாஞ்சி பாதி வழியில் குறுக்கே நின்று ஆடியது.

"என்ன காணும், ஏன் நிப்பாட்டினீர்?"

"பின்னால தெரியல்ல ஐயா."

"தெரியாட்டித் திரும்பிப் பாருமன்."

"ஏலாது."

"என்ன ஏலாது?"

"கழுத்துத் திரும்பாது ஐயா."

ஞானசேகரம் எழும்பி இடப்பக்க ஜன்னலால் தலையை நீட்டினார். பின்னுக்கும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஒரு வள்ளமும் இல்லையே. கடல் வெறுமையாத்தானே கிடக்கு!"

"வெறுமையா இருக்கலாம் ஐயா. எனக்குத் தெரியாதே."

சனம் எழும்பத் தொடங்கியது. கரையில் நின்றவர்கள் என்ன என்ன என்று கூப்பிட்டார்கள். ஞானசேகரம் சால்வையை அகற்றச் சொன்னார்.

"எவ்வளவு நாளா உது?"

"வெட்டின நாள் தொடக்கம்."

"அப்ப இந்த ஆறு மாதமும்?"

காக்கா ஜெமீலின் பெயரைச் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. "ஒரு மாதிரிச் சமாளிச்சன் ஐயா" என்றார்.

ஞானசேகரம் ஜன்னலை விட்டு அசையவில்லை. "சரி, நான் பாக்கிறன். எடும். மெல்ல. வெறுமைதான்... வெறுமைதான்... இன்னும் ரெண்டு முழம்... போதும்." அதிகாரி கண்ணாக நிற்க, காக்கா அந்த லாஞ்சியை ஒரு இடியும் இல்லாமல் ஜெட்டியில் கொண்டுபோய் வைத்தார். அதைவிட அழகாக அவர் அணைத்ததை நான் கண்டதில்லை. ஜெமீல் கயிறு எறிந்தான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

ஞானசேகரம் சிவப்பு மூடிப் பேனாவைத் திறந்து மடியில் வைத்து எழுதினார். "நான் வேற மாதிரி எழுத ஏலாது, காணும்" என்றார் இறங்கும்போது. "ஜெட்டியில ஒரு காவல் வேலை இருக்கு. அதுக்கு நான் சொல்லிப் பாக்கிறன்."

சனம் கலைந்த பிறகு காக்கா சால்வையைச் சுற்றிக்கொண்டு ஜெட்டிக்கு ஏறினார். நான் காத்து நின்றேன்.

"கடல் வெறுமையாத்தான் இருந்ததா, பட்டதாரி?"

"ஓம் காக்கா."

"உங்கட கை பலகையில இருந்ததா?"

என்னை அவர் எப்படிக் கண்டார் என்று எனக்குத் தெரியாது. ஜெமீலின் கண்ணில் படித்திருக்கலாம்.

"ஓம்."

"அப்ப ஒரு தட்டுத் தட்டியிருக்கலாமே."

"நீங்க நிப்பாட்டுவீங்களா எண்டு எனக்குத் தெரியோணும் காக்கா."

அவர் என் பக்கம் திரும்பினார். முதலில் பாதம், பிறகு இடுப்பு, கடைசியில் முகம். வலியில் அவருடைய இடது கண் சுருங்கியிருந்தது.

"நிப்பாட்டினன்தானே?"

"நிப்பாட்டினீங்க."

"போய் உங்கட உம்மாட்டச் சொல்லுங்க."

இடக் கையை வலக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொருவருடைய பொருளைக் கொண்டுபோகிறவர் மாதிரி நடந்து போனார்.

இரண்டு மாதம் கழித்துக் காவல் வேலைக்கான கடிதம் வந்தது. சிங்களத்தில் வந்த கடிதம். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்க அவர் வெயிலில் பஸ் நிலையம் தாண்டிக் கடைத்தெரு வரைக்கும் நடந்து, ஒரு கடைக்காரரிடம் கொடுத்தாராம். அவருடைய வீட்டிலிருந்து நாலாவது வீடு, சிங்களம் வாசிக்கத் தெரிந்த என்னுடையது.